மாப்பிள்ளை காருக்கு முன்கண்ணாடி மாட்டிய கதை

கார் கண்ணாடி மாட்டுகிறவனுக்கு மூக்கு அரிப்பது ஒரே ஒரு நேரத்தில்தான்: இரண்டு கையிலும் கண்ணாடி இருக்கும்போது. அந்த அரிப்பை அனுபவித்த சகோதரர்களே, இது உங்களுக்காக. ஐம்பதுகளின் கடைசியில் இலங்கை மலைநாட்டு ஹட்டனில் காசிம் நாநாவின் கராஜில் எனக்கு வேலை. நாநா முதலாளி, நான் தொழிலாளி. திட்டு வாங்குவதில் மட்டும் இருவரும் சமம்.

குடை

டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கர் ஐயா, சீமைக்குத் திரும்பிய துரையிடம் ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கியிருந்தார். முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் கருவாடாகக் காய்ந்து வெடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். கந்தப்பளை மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் வருகிறார்; நனையாமல் காரில் கொண்டுவந்து சேர்ப்பதாகச் சம்பந்தி வீட்டுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கண்ணாடி உடைந்தால் வேறொன்று கப்பலில்தான் வரவேண்டும்.

புதன்கிழமை கார் வந்து நின்றபோது ஐயாவின் சம்சாரம் முன்சீட்டில் விரித்த குடையோடு உட்கார்ந்திருந்தார். வெளியே நல்ல வெயில். குடையை மடக்கலாமே என்றேன். "மழை வெளியதான் விட்டிருக்கு தம்பி. உள்ள விட இன்னும் அரை மணி ஆகும்" என்றார்.

பெரட்டு

கண்ணாடியையும் சுற்றியிருந்த நான்கு பளபளப்புத் தகடுகளையும் கழற்றிவிட்டு, கொழும்பிலிருந்து புது ரப்பர் வரக் காத்திருந்தோம். ஐயா தினமும் தோட்டத்துக் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பழகியவர். மறுநாள் கராஜுக்கு வந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "மேல் தகடு?" "இருக்குங்க." "கீழ்த் தகடு?" "இருக்குங்க." திருகாணி வரை கூப்பிட்டார். கண்ணாடியின் முறை வந்தது. அது சுவரில் சாய்ந்திருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். சாய்ந்து நிற்கிற ஆளுக்குத் தோட்டத்தில் பாதி நாள் சம்பளம்தான், அரைப்பேர் என்பார்கள். நாநா பதறிப்போய், "அரைப்பேர் போட்டுறாதீங்க ஐயா, அதை நான்தான் சாய்ச்சு வச்சேன்" என்றார்.

ராகு காலம்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரப்பர் வந்தது. ரப்பரைக் கண்ணாடிக்கு மாட்டி, அதன் உதட்டுக்குள் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அமுக்க, மற்றவர் உள்ளேயிருந்து கயிற்றை இழுக்கவேண்டும். ரப்பர் காரின் சட்டத்தின்மேல் ஏறிக்கொள்ளும். நாநா வெளியே, நான் உள்ளே. பாதி ஏறியிருக்கும்போது ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நிறுத்துங்க!" என்று கத்தினார். பத்தரை. ராகு காலம் பிறந்துவிட்டது. மாப்பிள்ளை ஏறுகிற வண்டியாம், பன்னிரண்டு வரை ஒரு இழுப்பு இழுக்கக்கூடாதாம்.

விட்டால் விழும், இழுத்தால் ராகு. நான் கயிற்றைப் பிடித்தபடியும், நாநா கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றியபடியும் ஒன்றரை மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு மூக்கு அரித்தது. சத்தியமாக அழுகையும் வந்தது. பதினொன்றே முக்காலுக்கு நாநா வாய் திறந்தார்: "ஐயா, உங்க ராகு பன்னெண்டுக்குப் போயிருவாரு. எங்க ஜும்மா பன்னெண்டரைக்குத் தொடங்கிரும். இந்தக் கண்ணாடிக்கு நடுவுல அரை மணிதான்."

நுரை

பன்னிரண்டு அடித்ததும் இழுத்தேன். கண்ணாடி கீறலில்லாமல் உட்கார்ந்தது. தகடுகளையும் மாட்டிவிட்டு நாநா பள்ளிவாசலுக்கு ஓடினார். ரப்பருக்குள் நின்ற சோப்பைக் கழுவவேண்டுமென்ற நினைப்பு இருவருக்குமே வரவில்லை.

சாயங்காலம் மழை கொட்டியது. மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஐயா வைப்பரைப் போட்டதும் கண்ணாடி முழுக்க நுரை பொங்கியதாம். பாதை தெரியவில்லை. துடைத்தால் மறுபடி நுரை. கடைசியில் மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, வெளியே படிப்பலகையில் தொற்றிக்கொண்டு தோட்டம் வரை துடைத்துக்கொண்டே போயிருக்கிறார். சனிக்கிழமை காலை அவரே கராஜுக்கு வந்தார். அடி விழப்போகிறதென்று நாநாவின் பின்னால் ஒதுங்கினேன். அவர் தும்மிவிட்டுச் சொன்னார்: "நல்லா மாட்டியிருக்கீங்கண்ணே, உள்ள ஒரு சொட்டு இறங்கல. மாமா நனையாம வந்து சேந்தாங்க."

மழை உள்ளே வராமல் தடுப்பதுதான் எங்கள் தொழில், சகோதரர்களே; மாப்பிள்ளை வெளியே போகாமல் தடுக்கிற ரப்பரை இன்னும் எந்தக் கப்பலும் கொண்டுவரவில்லை.