ஐஸ் பெட்டிக்குள் சால்டர் பேஸ்ட்

சனிக்கிழமை காற்றுமழையில் காலையிலேயே கரண்டு போய்விட்டது. மதியம் கரண்டு வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்தால், என் சால்டர் பேஸ்ட் டப்பாவைக் காணோம்.

என் மனைவி கடற்கரைக்காரி. டப்பாவை மீன் பெட்டியில், உப்பு தூவிய ஐஸுக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

"கரண்டு இல்லாம கெட்டுரும்னு வச்சேன். மீனே கெடாது, இது கெட்டுருமா?"

கெட்டுவிடும். சிப்புகளைப் போர்டில் பற்றவைக்க, ஈயத்தூளைப் பசையில் குழைத்த களிம்பு அது. குளிரலாம், உறையக் கூடாது. உப்பு போட்ட ஐஸ் அதை உறைய வைத்துவிடும்; உறைந்தால் பசை தனியாகப் பிரிந்துவிடும். இதையெல்லாம் அவளிடம் கத்தினேன். "ஜில்லுனு இருக்கணும்" என்று மட்டும் முன்பு சொல்லி வைத்தவன் நான்தான்.

அவள் தம்பி ஆழ்கடலுக்குப் போகிறவன். திங்கள் விடியலில் படகு புறப்படும். போன முறை கூட்டாளி ஒருவன் தவறி விழுந்து, இருட்டில் தேடி எடுக்க வெகுநேரம் ஆனதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் பட்டதும் தானாக மின்னும் விளக்கு ஒன்றை, அவன் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டுவதற்காகச் செய்துகொண்டிருந்தேன். அதன் சிப்பின் கால்கள் அடிப்பக்கம் இருப்பதால் சூட்டுக்கோல் எட்டாது. பேஸ்ட் தடவி, போர்டோடு சேர்த்துச் சூடாக்கினால்தான் பிடிக்கும். வேறு பேஸ்ட் தபாலில் வர ஒரு வாரமாகும்.

குளிர்ந்த டப்பாவை மூடியபடியே நாலு மணி நேரம் வெளியில் வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள்; எனக்கு இரண்டும் ஆகாது. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். நடக்கும்போதெல்லாம் டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன்.

"அதுக்கு மேல ஒரு கோழிய அடை வையுங்க, வெரசா பொரியும்" என்றாள்.

இரண்டு மணி நேரத்தில் திறந்துவிட்டேன். மேலே மஞ்சளாகப் பசை மிதந்தது. கிண்டித் தடவிச் சூடாக்கினேன். ஈயம் கடுகு கடுகாகத் தெறித்தது. ஊசியால் பொறுக்கி எடுத்தேன். டம்ளர் தண்ணீரில் போட்டபோது விளக்கு மின்னியது. விரலால் ஒரு தட்டுத் தட்டினேன், அணைந்தது. மறுபடி தட்டியதும் மின்னியது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து மச்சினன் வந்தான். விளக்கை அவன் கையில் கொடுத்தேன்.

"எரியுதுல்லா அத்தான்?"

"எரியுது" என்றேன். தட்டினால் அணைகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் இதைத் தவிர வேறு பேச்சே பேசாதவன் நான், எந்த முகத்தோடு சொல்வது?

திங்கள் காலை இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டக்கூட நேரம் எடுக்காமல் போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏலே, அந்த லைட்ட நம்பாத, கேட்டியா? சரியா பிடிக்கலியாம்."

எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது. "நேத்தே தெரியும்க்கா. வீட்டுல வாளித் தண்ணியில முக்குனேன், ரெண்டு தடவ எரியல. சொன்னா அத்தானுக்கு வெசனமா இருக்கும்லா? அதான் மாட்டிக்கிட்டே வந்துட்டேன்."

அவள் போனை என் பக்கம் நீட்டினாள். நேற்றே சொல்ல வேண்டியதை அவனிடம் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் டவர் போய்விட்டிருந்தது.