முயலக்காவும் பளபளத் திரையும்

எங்கள் அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பதினோரு வருடங்களுக்கு முன்பு அவர் எங்களுக்கு முதன்முதலாகப் படம் வரைந்து கொடுத்தது ஒரு முயல் குடும்பத்தின் கதைக்கு. அன்றிலிருந்து முயலக்காதான். அதற்குப் பிறகு யானை வரைந்தார், கப்பல் வரைந்தார், ஒரு பாடப்புத்தகத்துக்காக மனித உடலின் இருநூற்றாறு எலும்புகளையும் வரைந்தார். பெயர் மட்டும் முயலை விட்டு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் நகரவில்லை. நான் அங்கே குழந்தைகள் புத்தகப் பிரிவில் ஆசிரியர். அதனால் அவரோடு ஒரு நாளைக்கு நாலு தடவையாவது ஃபோனில் பேசுவேன்.

அவர் ஓவியப் பள்ளிக்கெல்லாம் போனதில்லை. பத்தொன்பது வயதில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். எடுத்த படங்களைக் கணினியில் திருத்தும் வேலை. முகப்பருவை அழிப்பது, பறக்கும் முடியைப் படிய வைப்பது, கண்ணை மூடிக்கொண்டவர்களுக்குக் கண் திறந்துவிடுவது. பஸ் கம்பெனியின் அடையாள அட்டைக்காகப் படம் எடுக்க வந்த ஒரு டிரைவர் எட்டு முறை எடுத்தும் ஒரு முறைகூட இரண்டு கண்ணையும் சேர்த்துத் திறந்து வைக்கவில்லை. கடைசியில் ஒரு படத்திலிருந்து இடது கண்ணையும் வேறொன்றிலிருந்து வலது கண்ணையும் எடுத்து ஒட்டி அனுப்பினார் அக்கா. ஒரு வாரம் கழித்து அந்த ஆள் திரும்பி வந்து, படத்தில் இருப்பது யார் என்று பணிமனையில் எல்லோரும் கேட்கிறார்கள் என்றாராம். குறை சொல்ல வந்தவர் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் இருவருக்கும் கல்யாணம். "கல்யாணத்துக்கு முன்னாடியே என் கண்ணைத் திறந்தவ இவ" என்று டிரைவர் அண்ணன் இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். அக்கா அந்த நேரத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

இந்தக் கதை நடந்தது போன வருடம். ஒரு குளத்துத் தவளை ராத்திரி முழுக்கத் தூங்காமல் நிலாவுக்குக் காவல் இருக்கிற கதை ஒன்றை அவரிடம் கொடுத்திருந்தேன். பதினெட்டுப் படங்கள், பதினெட்டும் இருட்டில். மூன்றாவது படம் பாதியில் இருக்கும்போது அவருடைய பழைய லேப்டாப் ஒருநாள் காலையில் உயிரை விட்டது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, இதற்கு மேல் இதைத் துன்புறுத்தாதீர்கள் என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

புதிது வாங்க அக்காவும் அண்ணனும் கடைக்குப் போனார்கள். மேசையில் இரண்டு லேப்டாப்புகள் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைக்கப்பட்டிருந்தன. ஒரே கம்பெனி, ஒரே அளவு, உள்ளே இருப்பதும் ஒன்றேதான். திரையில்தான் வித்தியாசம். ஒன்று மேட், மேலே மெல்லிசாக மாவு தூவித் துடைத்தது போல வெளிச்சத்தை வாங்கிப் பரப்பிவிடும். இன்னொன்று கிளாஸி; கண்ணாடி போலப் பளபளவென்று இருக்கும். இரண்டிலும் ஒரே கிளியின் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மேட்டில் கிளி பச்சையாக இருந்தது. கிளாஸியில் கிளி இப்போதுதான் மழையில் நனைந்து வந்தது மாதிரி இருந்தது.

அக்கா ஒன்றரை மணி நேரம் நின்றார். இதைப் பார்ப்பார், அதைப் பார்ப்பார், தள்ளி நின்று பார்ப்பார், குனிந்து பக்கவாட்டில் பார்ப்பார். கடைக்காரர் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். படம் வரைகிறவர்கள், போட்டோகிராபர்கள் எல்லோரும் கிளாஸிதான் எடுக்கிறார்கள் என்று அவர் சொன்னார். அண்ணனிடம் கேட்டதற்கு, முகம் தெரிகிறதே, தலை சீவிக்கொள்ளவும் ஆகும் என்றார். அக்கா சிரிக்கவில்லை. கிளாஸி திரையில் அந்தக் கிளிக்குப் பின்னால் இருந்த கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தது போல அவ்வளவு ஆழமாக இருந்ததாம். ராத்திரிக் குளம் வரைய இதைவிட என்ன வேண்டும் என்று அதையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கடையில் ஜன்னல் இல்லை. அக்காவின் அறையிலோ பாதிச் சுவர் ஜன்னல்தான். மூன்றாவது மாடி. எதிரே ஒரு கிடங்கின் தகரக் கூரை. காலை ஒன்பது மணிக்கு வெயில் அந்தத் தகரத்தில் விழுந்தால் மூன்று மணி வரைக்கும் அறைக்குள் வந்து கொட்டும். மகள் பள்ளிக்கூடம் போய்த் திரும்பும் அந்த நேரம்தான் அக்காவின் வேலை நேரம். நாற்காலி ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தது. பழைய லேப்டாப்பின் மங்கலான திரையில் பத்து வருடம் அப்படியே உட்கார்ந்து பழக்கம்.

முதல் நாள் தவளைக் குளத்தைத் திறந்தபோது, குளத்துக்கு நடுவே அவர் முகம் இருந்தது. முகத்துக்குப் பின்னால் ஜன்னல், கொடியில் காயும் துணி, எதிர்க் கூரையில் நடக்கும் புறா. தவளை சரியாக அவர் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினால் மூக்குப் போய்ப் புறா வந்தது. அக்கா திரையின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றினார். அதுவும் போதாமல் ஒரு போர்வையை எடுத்துத் தலையோடு திரையையும் சேர்த்து மூடிக்கொண்டு, உள்ளே வியர்க்க வியர்க்க வரைந்தார். நாலு நாளில் தலைவலி வந்தது.

இதையெல்லாம் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்று தானே தேர்ந்தெடுத்தது. அதைக் குறை சொல்ல வாய் வரவில்லை. புதுத் திரை எப்படி இருக்கிறது என்று நான் கேட்டபோதெல்லாம், பிரமாதம் என்றார். மூன்று வாரத்தில் பதினெட்டுப் படங்களும் வந்து சேர்ந்தன. எங்கள் அலுவலகத்துத் திரையில் கொஞ்சம் இருட்டாகத்தான் தெரிந்தது. ராத்திரிக் கதைதானே என்று நானும் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

இரண்டாம் நாள் அச்சகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அக்காவும் நானும் போனோம். நிறம் பார்க்கும் மேஸ்திரி, மாதிரித் தாள்களை நீளமான மேசையில் பரப்பி வைத்திருந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் நக்கல். தாளைக் காட்டி, "கரண்ட் போன நேரத்துல வரைஞ்சீங்களாம்மா?" என்றார்.

தாளில் தவளை இல்லை. குளமும் இல்லை. கறுப்புக்குள் இன்னும் கொஞ்சம் கறுப்பு இருந்தது. நிலா மட்டும் தனியாக, யாருக்கும் வேண்டாதது போல மேலே நின்றது. முழு வெளிச்சத்தில் எரியும் திரையைப் பார்த்து வரைந்தபோது அக்காவுக்கு எல்லாமே வெளிறித் தெரிந்திருக்கிறது. அதனால் மேலே மேலே இருட்டைப் பூசியிருக்கிறார். தாளுக்குப் பின்னால் விளக்கா எரிகிறது? பூசிய இருட்டெல்லாம் அப்படியே வந்து இறங்கிவிட்டது.

அக்கா பதினெட்டுத் தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதற்றப்படவில்லை. கடைசித் தாளை வைத்துவிட்டு மேஸ்திரியைப் பார்த்து, "மிஷின் மேல தப்பில்ல, மை மேலயும் தப்பில்ல. நான்தான் சரியாப் பாக்கல. பத்து நாள் குடுங்க" என்றார். மேஸ்திரிக்கு நக்கல் போய்விட்டது. பன்னிரண்டு நாளாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, தாள்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்.  திரும்பி வந்து இறங்கும்போது, அந்தத் திரையில் தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றார் அக்கா.

இனி நான் சொல்வது பாதி அக்கா சொன்னது, பாதி அண்ணன் சொன்னது. மறுநாள் அண்ணனுக்கு ஓய்வு நாள். காலை பத்து மணிக்கு எதையோ தேடி அறைக்குள் போனவர், நாற்காலியில் போர்வை மூடிய ஒரு உருவத்தைப் பார்த்துப் பயந்தே போனார். போர்வையை விலக்கினால் உள்ளே பெண்டாட்டி, கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறார். என்ன ஏது என்று விசாரித்துவிட்டு அவரை எழுந்திருக்கச் சொல்லி, தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

"பஸ்ல ராத்திரி ஓட்டும்போது என் சீட்டுக்குப் பின்னாடி ஒரு திரைச்சீலை தொங்கும், பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன். பின்னாடி இருந்து காத்து அடிக்காம இருக்கப் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"உள்ள லைட் எரிஞ்சா முன்கண்ணாடியில ரோடு தெரியாதும்மா. பின்சீட்டுல கொட்டாவி விடுறவர்தான் தெரிவார். அதை மறைக்கத்தான் அந்தச் சீலை. நீ இத்தனை நாளா முன்னாடி இருக்கறதைப் பாக்கவே இல்ல. உனக்குப் பின்னாடி இருக்கறதைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கே."

அக்காவுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இவ்வளவு தெரிந்த மனிதர் கடையில் தலை சீவிக்கொள்ளலாம் என்று மட்டும் எப்படிச் சொன்னார் என்று கேட்டார். என்னை யார் டிரைவராகக் கூப்பிட்டுப் போனார்கள், பை தூக்கத்தானே கூப்பிட்டுப் போனாய் என்றார் அவர். இருவரும் சேர்ந்து அலமாரியைத் தள்ளி, மேசையைத் திருப்பிப் போட்டார்கள். ஜன்னல் இப்போது பக்கவாட்டுக்கு வந்தது. நாற்காலிக்குப் பின்னால் வந்த சுவரில் அண்ணன் கருநீலத் துணி ஒன்றை ஆணி அடித்துத் தொங்கவிட்டார். குளத்திலிருந்து புறா போயிற்று, துணிக்கொடி போயிற்று. ஆனால் அக்கா கட்டியிருந்த மஞ்சள் புடவை மட்டும் தண்ணீரில் மிதந்தது. அண்ணன் யோசித்துவிட்டு, தன்னுடைய கருநீல யூனிஃபார்ம் சட்டையைக் கொண்டுவந்து மேலே போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அந்த வாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா, முழங்கை தாண்டித் தொங்கும் டிரைவர் சட்டையில் இருந்தார். சட்டைப் பையில் கம்பெனி முத்திரை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரிச்சா சிரிச்சுக்கோ. இப்பத்தான் தவளைக்குக் கண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியுது" என்றார். மேஸ்திரி கொடுத்த மாதிரித் தாளைத் திரைக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார். தாளில் தெரிகிற வெள்ளையும் திரையில் தெரிகிற வெள்ளையும் ஒன்றுபோல ஆகும்வரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கால்வாசிக்கும் கொஞ்சம் மேலே நிறுத்தியிருந்தார். அதில் பார்த்தால் அவர் வரைந்த இருட்டெல்லாம் அச்சகத்தில் பார்த்த அதே இருட்டாக இருந்தது. ஒவ்வொரு படத்திலும் இருட்டைச் சுரண்டிச் சுரண்டித் தண்ணீரையும் நாணலையும் வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் எல்லாம் முடிந்தது. இந்த முறை மேஸ்திரி தாள்களைப் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு தாளை மட்டும் தன் பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

புத்தகம் வெளிவந்த பிறகு, வெளியே இருந்து வரைகிற எங்கள் ஓவியர்களுக்கு அலுவலகமே புது லேப்டாப் கொடுப்பது என்று முடிவாயிற்று. எந்தத் திரை என்று முயலக்காவிடமே கேட்கச் சொன்னார்கள். நீளமாக ஏதாவது எழுதி அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் ஃபோனில் ஒரே கேள்விதான் கேட்டார்: ஒவ்வொருவரும் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், ஜன்னல் எந்தப்பக்கம்? மற்ற ஐந்து பேரிடமும் விசாரித்துச் சொன்னேன். ஜன்னலே இல்லாத அறையில் வரைவதோடு வீடியோவும் வெட்டி ஒட்டும் ஒருவருக்கு மட்டும் கிளாஸி, மற்றவர்களுக்கு மேட் என்றார்.

தனக்கும் மேட்தான் கேட்டார். எடுத்து வந்து திறந்ததும் முதல் இரண்டு நாள் முகம் தொங்கிப் போயிருந்தது. கறுப்பு கறுப்பாகவே இல்லை, பனிமூட்டத்தில் பார்ப்பது போல இருக்கிறது என்று குறைப்பட்டார். மூன்றாம் நாள் மாலை ஃபோன் செய்து, காலையிலிருந்து தலை வலிக்கவில்லை என்று ஏதோ பெரிய சாதனை போலச் சொன்னார். கிளாஸியையும் அவர் விட்டுவிடவில்லை. ஒரு படம் முடிந்ததும் அதில் ஒருமுறை திறந்து பார்க்கிறார். குழந்தைகள் இப்போது பாதிப் புத்தகத்தை அம்மா அப்பாவின் ஃபோனில்தான் படிக்கிறார்கள், அந்தக் கண்ணாடியில் எப்படித் தெரியும் என்றும் பார்க்க வேண்டுமே என்பார். மற்ற நேரத்தில் அது மகளுடைய கார்ட்டூனுக்கு.

இப்போது அவர் கையில் ஒரு பாலைவனக் கதை இருக்கிறது. ஒட்டகம் ஒன்றும் அதன் நிழலும். நேற்று கூப்பிட்டு, மணலுக்கு மட்டும் ஒன்பது நிறம் ஆகிவிட்டது, இன்னும் சரியாக உட்காரவில்லை, ஒட்டகத்துக்குப் போக நாலு நாள் ஆகும் என்றார். ஆகட்டும் என்றேன்.