கோழி ரத்தத்தில் ஹிஸ்டோன்

நம்முடைய சிவப்பணுக்களில் உட்கரு இல்லை, கோழியுடையதில் உண்டு. அந்த ஒரே காரணத்துக்காக, எண்பதுகளின் தொடக்கத்தில், செவ்வாய்க்கிழமை காலைகளில் தேக்கா மார்க்கெட்டின் கோழிக்கடை முன்னால் நான் ஐஸ் பெட்டியோடு நிற்க வேண்டியிருந்தது.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளர் வேலை எனக்கு. என் மேலதிகாரி ஒரு சீனப் பெண்மணி. உட்கருவுக்குள் மரபணு இழை சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதை அப்போதெல்லாம் விலைக்கு வாங்க எங்களுக்கு வசதியில்லை. புது ரத்தத்தைக் கொண்டுவந்து, அணுக்களை உடைத்து, அமிலத்தில் ஊறவைத்து நாங்களே பிரித்தெடுக்க வேண்டும். கடைசியில் கிடைப்பது ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி.

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. நான் சீசா கழுவுகிறேன் என்றுதான் அம்மா நினைத்திருந்தார்.

முதல் நாளே மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது கோழிக்கடைக்காரர், வயதான சீனர், என்னை முக்காலியில் உட்காரவைத்து மைலோ பானம் இருந்த டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார். இந்தியர்களோடு வியாபாரம் செய்து அவருக்குத் தமிழ் படிந்திருந்தது.

“மெதுவா குடி லா, தங்கச்சி. அங்க பாக்காதே.”

சாயங்காலம் சட்டைக் கையிலிருந்த கறையை அம்மா பார்த்துவிட்டார். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

“இந்த ஊர்ல உனக்கு வேற வேலையே கெடைக்கலயா?”

“வேலை புடிச்சிருக்கும்மா. மார்க்கெட்டுக்குப் போறதுதான் புடிக்கல.”

அடுத்த செவ்வாய் நான் கிளம்பும்போது அம்மா சேலை கட்டித் தயாராக நின்றார். “கீரை வாங்கணும்” என்றார். எங்கள் வீடு இருந்த தோ பாயோவில் கீரை கிடைக்காததுபோல!

கோழிக்கடை இருக்கும் பக்கம் அவர் அதுவரை காலெடுத்து வைத்ததே இல்லை. முந்தானையால் மூக்கைப் பொத்தி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். கடைக்காரர் கொஞ்சநேரம் எங்களைப் பார்த்தார். பிறகு என்னிடமிருந்து சீசாவை வாங்கிக்கொண்டு பின்னால் போனார். நிரப்பி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

“இனிமே சீசாவை முன்னாடியே குடுத்துட்டுப் போங்க. நான் ரெடி பண்ணி வைக்கிறேன். உள்ள வர வேணாம்.”

அம்மா அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்தார். “ரொம்ப நன்றி, தவுக்கே” என்றார்; கடை முதலாளிகளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அடுத்த வாரம் அவருக்கு உளுந்துவடை எடுத்து வந்தார். அப்புறம் பல வருஷங்களுக்கு என்னோடு வந்தார், கீரை வாங்க.

எண்பதுகளின் இறுதியில் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று எங்களுக்குச் சிறு குப்பியில் பாக்டீரியா அனுப்பியது. கோழியின் மரபணு அதற்குள் செலுத்தப்பட்டிருந்தது. வளர்த்தால் பாக்டீரியாவே ஹிஸ்டோனைச் செய்யும். முதலில் எங்களுக்குக் கிடைத்ததோ குழாயின் அடியில் கரையாத ஒரு கட்டிதான். எல்லாம் வீண் என்று நினைத்தேன். மேலதிகாரி யூரியா ஊற்றிக் கரைத்துப் பார்க்கச் சொன்னார். கரைந்தது. பலமுறை முயன்று சுத்தப்படுத்தியபின், சோதனையில் எதிர்பார்த்த இடத்தில் சுத்தமான ஹிஸ்டோனுக்கு அடையாளமான ஒரே ஒரு நீலக்கோடு தெரிந்தபோது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து, பாக்டீரியா என்ற கிருமியே அந்தப் புரதத்தைச் செய்துவிடும், இனி ரத்தம் வேண்டாம் என்றேன்.

“அந்தக் கிருமிக்கு மட்டும் உசுரு இல்லையா?” என்றார் அம்மா.

“இருக்கும்மா.”

“சரி, நீ மயங்கி விழாம இருந்தா போதும்.”

கடைக்காரரிடம் தானே சொல்ல வேண்டும் என்று அம்மா தனியாகவே தேக்காவுக்குப் போனார். அவர் பதறிவிட்டாராம். “ஏன், தங்கச்சிக்கு வேலை போயிருச்சா?” இல்லை, வேலை சுலபமாகிவிட்டது என்று அம்மா விளக்கிச் சொல்லி நம்பவைத்திருக்கிறார்.

மறுவருஷம் கோயில் மண்டபத்தில் என் கல்யாணம். பூப்போட்ட பத்தேக் சட்டை போட்டுக்கொண்டு கடைக்காரரும் வந்தார். அம்மா பக்கத்தில் நின்று பரிமாற, வாழையிலையில் சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.