மடியில் சாம்பிள் கேக்

தாராபுரம் பஸ் அவிநாசிபாளையத்தில் நிற்கிறது. என் மடியில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே, மகளின் கல்யாணக் கேக்குக்கு உள்ளங்கை அகலத்தில், அதே மூன்றடுக்கில் ஒரு குட்டிச் சாம்பிள். மூன்றடுக்குக் கேக் இத்தனை வேகத்தடைகளையும் தாண்டித் திருப்பூரிலிருந்து எங்கள் சர்ச் வரை உடையாமல் வந்து சேருமா என்று ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை.

கேக் செய்யும் ஸ்டெல்லா முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். ஆர்டர் எழுதிக்கொள்ளச் சொன்னால் நோட்டையே எடுக்கவில்லை.

"சாம்பிள் பாஸ் ஆகாம ஆர்டர் எடுக்கறதில்லீங்கண்ணா. பஸ்ஸுல கொண்டுபோயிப் பாருங்க."

பயந்துகொண்டே பெட்டியைத் திறக்கிறேன். மூன்றடுக்கும் அப்படியே நிற்கின்றன! உடனே போன் போடுகிறேன்.

"ஒண்ணும் ஆகலை அம்மிணி. மேல ஒரு பூ மட்டும் லேசா சாஞ்சிருக்குது. அது பரவால்லீங்க."

"சாஞ்சிருச்சுங்களா? அப்ப ஃபெயிலுங்கண்ணா. பூவுக்கு வேற பிடிமானம் வெச்சுத் தர்றேன். நாளைக்கு வந்து இன்னொரு சாம்பிள் வாங்கிட்டுப் போங்க."

நாளைக்கும் இதே பஸ், இதே பெட்டி. ஆனாலும் கேக்குக்காக என்னைவிட அதிகமாகக் கவலைப்பட ஓர் ஆள் கிடைத்துவிட்டார். பஸ் கிளம்புகிறது. சாய்ந்த பூவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறேன்.