அண்ணியின் பழைய கெர்னல்கள்

என் அண்ணி பழைய பொருள்களைத் தூக்கி எறிய மாட்டார் என்று சொன்னால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். வீட்டில் அவர் கை வைத்த அலமாரி காலியாகிவிடும். அண்ணன் ஆசையாக வைத்திருந்த, கழுத்து நைந்த சட்டைகள் எல்லாம் எப்போதோ தரை துடைக்கப் போய்விட்டன. வேலை செய்யும் இடத்தில்தான் அண்ணி வேறு ஆள்.

பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றின் அச்சறையை அவர் கவனித்துக்கொள்கிறார். மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய அறை. ஒரு கணினி, அதோடு இணைந்த பிரெய்லி அச்சு இயந்திரம். தடித்த தாளில் புள்ளிகளைக் குத்தி எழுத்தை எழுப்பும் அந்த இயந்திரத்துக்கு, அது போடும் சத்தத்தை வைத்துப் பிள்ளைகள் மரங்கொத்தி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அறையில் இருக்கும் இன்னொருவர் பிழை திருத்துபவர். அவருக்கும் பார்வை கிடையாது. வரும் தாள்களை ஆள்காட்டி விரலால் படித்து, தப்பு இருந்தால் ஓரத்தை மடித்துவிடுவார். பிள்ளைகளுக்கு அவர் விரல் சார். எங்களுக்கும் அப்படியே பழகிவிட்டது.

கணினி லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகிறது. அதன் கெர்னல் என்பது கணினி விழித்ததும் முதலில் எழுந்து, திரை, விசைப்பலகை, மரங்கொத்தி என்று மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடும் பகுதி. அது எழவில்லை என்றால் வீட்டில் யாரும் எழ மாட்டார்கள். கணினி முழுதாக விழித்ததும் "எழுந்துட்டேன்" என்று சொல்லும்படி அண்ணி செய்து வைத்திருக்கிறார். சளி பிடித்த குரலில்தான் சொல்லும். அதற்கு முன்னால், எந்தக் கெர்னலை எழுப்புவது என்று கேட்கும் பட்டியல் திரையில் வரும்போது ஒரு 'பீப்' ஒலிக்கும். இரண்டும் விரல் சாருக்காகச் செய்தவை. பீப் கேட்டால் கணினிக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. குரல் கேட்டால் வேலைக்குத் தயார்.

கெர்னல் தேர்ந்தெடுப்பதில் அண்ணிக்கு ஒரு முறை உண்டு. புதிதாக வந்ததைத் தொட மாட்டார். நீண்ட காலத்துக்குப் பராமரிப்போம் என்று அறிவிக்கப்பட்டவற்றில் ஒன்றை எடுப்பார். அதிலும் பிறர் எழுதிய பாராட்டைப் படிக்க மாட்டார், புகார்களை மட்டும் படிப்பார். திட்டுகிறவர்கள்தான் உண்மையில் ஓட்டிப் பார்த்தவர்கள் என்பது அவர் கணக்கு. "நாலு பேர் திட்டி முடிக்கட்டும், அப்புறம் நாம உள்ள போவோம்" என்பார். புதியதை நிறுவியதும் மறுபடி இயக்கி, குரல் கேட்கும்வரை நாற்காலியை விட்டு எழ மாட்டார். பழையதை ஒருநாளும் அழிக்க மாட்டார். என்றைக்காவது கைகொடுக்கும் என்று அப்படியே விட்டு வைப்பார்.

அந்த ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் மரங்கொத்திக்குத் தூக்க வியாதி வந்தது. நீளமான வேலையின் நடுவே ஓய்ந்து போகும். உடனே பொத்தானை அழுத்தி எழுப்பாவிட்டால் மொத்த வேலையும் போய், முதல் தாளிலிருந்து தொடங்க வேண்டும். கோளாறு கெர்னலில்தான் என்று அண்ணி கண்டுபிடித்து, அது சரி செய்யப்பட்ட ஒன்றைப் புகார்களைப் படித்தே தேர்ந்தெடுத்தார். நிறுவிய அன்று அவருக்குக் கடைவாய்ப் பல் வலியில் உயிர் போனது. திரையில் ஓடிய வரிகளைச் சரியாகப் பார்க்கவில்லை. மறுபடி இயக்கிப் பார்க்கவும் இல்லை. கணினியை அணைத்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த நாள் காலை அவரைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று வெளியே உட்கார வைத்திருந்தார்கள். அப்போது விரல் சார் கூப்பிட்டார். அண்ணி போனை எடுத்து ஏதோ சொன்னார். காற்றுதான் வந்தது. போனை என் கையில் திணித்துவிட்டார்.

"இன்ஜினியரம்மா, உங்க பிள்ளை எந்திரிக்க மாட்டேங்குது."

அண்ணிக்கு வாய் மரத்துவிட்டது, பேசுவது நான் என்று சொன்னேன்.

"அவங்களுக்கா? கடவுள் இருக்காருப்பா" என்றார். "சரி, வாயாடி, நீயே பேசு."

நான் அதிகம் பேசாதவள் என்பதால் அண்ணி எனக்கு வைத்த பெயர் அது.

விஷயம் சிரிக்கும்படியாக இல்லை. மறுநாள் கணக்குத் தேர்வு. வினாத்தாள் அன்று காலையில்தான் வந்திருந்தது. கணக்கு டீச்சர் அதைப் பென்டிரைவில் கொடுத்துவிட்டு வேறொரு தேர்வின் கண்காணிப்புக்குப் போய்விட்டார். கண் தெரிந்த எல்லோரும் தேர்வறைகளுக்குள் இருந்தார்கள். மாலைக்குள் பிரெய்லித் தாள் தயாராகவில்லை என்றால், நாளை ஆட்களை வைத்துக் கேள்விகளை வாசித்துக் காட்டச் சொல்லிவிடலாம் என்று தலைமையாசிரியர் முடிவு செய்திருந்தார்.

"பின்னத்தைக் காதால கேட்டு எப்படிம்மா போடறது?" என்றார் விரல் சார். அவர் குரலில் கேலி போயிருந்தது. "மேல என்ன, கீழ என்னன்னு விரல் வெச்சுத் திரும்பத் திரும்பப் பாக்கணும். நான் படிச்ச காலத்துல எனக்கு வாசிச்சுத்தான் காட்டினாங்க. கணக்குல நான் தேறவே இல்ல."

அண்ணி மருத்துவரின் சீட்டைத் திருப்பி, 'பீப் வந்ததா?' என்று எழுதினார். கேட்டேன். வந்தது, அதற்கப்புறம் சத்தமே இல்லை என்றார். அண்ணி கண்களை மூடி நெற்றியில் அடித்துக்கொண்டார். பீப் வந்தால் இயந்திரத்தில் கோளாறு இல்லை. குரல் வரவில்லை என்றால், தான் சோதிக்காமல் விட்டுவந்த புதிய கெர்னல்தான் விழுந்து கிடக்கிறது. பட்டியலில் முதலில் இருப்பது அது என்பதால், கணினி தானாக அதையே எழுப்பப் பார்க்கிறது.

கணினியை அணைத்து மறுபடி போடச் சொன்னோம். பீப் வந்ததும் பத்து விநாடி மட்டும் பட்டியல் காத்திருக்கும். அண்ணி கீழ்நோக்கி ஒரு விரல் காட்டினார். "கீழ் அம்பு ஒரு தடவை சார். அப்புறம் என்டர்." பழைய கெர்னல்கள் இருக்கும் உள்பட்டியல் அதற்குள் இருக்கிறது. அண்ணி விரலை மடக்கி யோசித்தார். ஒவ்வொரு கெர்னலும் அங்கே இரண்டு முறை வரும். ஒன்று வழக்கமாக எழுப்ப, மற்றது பழுது பார்க்க. புதியதன் இரண்டையும் தாண்டினால்தான் பழையது. இரண்டு விரலைக் காட்டினார்.

"இப்ப கீழ ரெண்டு தடவை. என்டர்."

காத்திருக்கும் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இவ்வளவு சத்தமாக நான் பேசி எனக்கே பழக்கமில்லை. போனில் காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, தூரத்தில், சளி பிடித்த குரல்: "எழுந்துட்டேன்."

அண்ணி சிரிக்கப் பார்த்தார். பாதி முகம்தான் சிரித்தது.

பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு பள்ளிக்குப் போனோம். எழுந்தது பழைய கெர்னல் என்பதால் தூக்க வியாதியும் கூடவே எழுந்திருந்தது. விரல் சார் ஒரு கையை மரங்கொத்தியின் மூடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிர்வு நின்ற கணத்தில் பொத்தானை அழுத்துவார். மறு கை வந்த தாள்களைப் படித்துக்கொண்டிருந்தது. குழந்தை தூங்கத் தட்டுவார்கள், நான் தூங்க விடாமல் தட்டுகிறேன் என்றார்.

புதியதை இப்போதே சரி செய்துவிடலாமே என்று கேட்டேன். அண்ணி பஞ்சை ஒதுக்கிக்கொண்டு குழறினார்: "ஓடிக்கிட்டிருக்கு. பரீட்சை முடியற வரைக்கும் தொட மாட்டேன்." பிறகு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சார் கை சோர்ந்தால் அண்ணியின் கை மூடிமேல் இருக்கும். மாலையில் கணக்கு டீச்சர் வந்தபோது தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒரு தாளின் ஓரம் மடிந்திருந்தது. ஒரு கழித்தல் குறி விட்டுப் போயிருக்கிறது என்று சார் சொல்ல, டீச்சர் மூலத்தைப் பார்த்து ஆமாம் என்றார். அந்த ஒரு தாளை மட்டும் எல்லோருக்கும் மறுபடி அடித்தார்கள்.

மறுநாள் தேர்வறைக் கதவின் கண்ணாடி வழியாக அண்ணி எட்டிப் பார்த்தார், வீங்கிய கன்னத்தோடு. உள்ளே யாரும் எதையும் வாசித்துக் காட்டவில்லை. முதல் வரிசையில் ஒரு பெண்ணின் விரல் பின்னக் கோட்டுக்கு மேலே போய், கீழே வந்து, சந்தேகப்பட்டு மறுபடி மேலே போனது.

அன்று தேர்வு முடிந்த பிறகே அண்ணி கணினியைத் தொட்டார். காரணம் உடனே தெரிந்துவிட்டது. கெர்னல்களுக்கென்று ஒதுக்கிய இடம் சிறியது. இத்தனை ஆண்டுகளாக அவர் அழிக்காமல் விட்டவை அதை அடைத்துக்கொண்டிருந்தன. புதியதோடு வர வேண்டிய துணைக்கோப்பு இடமில்லாமல் பாதியில் நின்றிருந்தது. பல்வலியில் அவர் பார்க்காமல் விட்ட வரி அதைத்தான் சொல்லியிருந்தது. ஆபத்துக்கு உதவும் என்று சேர்த்தவைதான் கழுத்தைப் பிடித்தன. அவற்றில் ஒன்றுதான் காப்பாற்றியும் விட்டது.

"வீட்ல எங்கண்ணன் சட்டையை மட்டும் விட்டு வைக்க மாட்டீங்க" என்றேன்.

"சட்டை போனா உங்கண்ணன் எந்திரிக்காம போயிடுவாரா?"

ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். இதில் ஒலி வராது, இது கோடை முழுக்க ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த விரல் சார், "துக்கம் விசாரிக்க ஆள் வரச் சொல்லவா?" என்றார். அண்ணி அடுத்ததை அழித்தார். கடைசியில் புதியதும் இன்னும் ஒன்றும் மட்டும் மிஞ்சின.

"அது எது?" என்று சார் கேட்டார்.

"நீங்க நேத்து எழுப்பினது."

துணைக்கோப்பை மறுபடி உருவாக்கி, கணினியை அணைத்து மறுபடி போட்டார். பீப் வந்தது. அம்பு விசையை யாரும் தொடவில்லை. சாரின் கை பழக்கத்தில் மரங்கொத்தியின் மூடிமேல் போய் அமர்ந்திருந்தது. அண்ணி நாற்காலியை விட்டு எழாமல், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, சளி பிடித்த குரலுக்காகக் காத்திருந்தார். அது வந்தது. அதன் பிறகே பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.