எழுபத்தோராவது நிமிடத்தில் நிற்கும் ஆட்டம்

சௌந்தர் அண்ணாச்சியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் பேர்லேண்ட் கோயில் கேன்டீன் வரிசையில், கையில் காகிதத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எடுத்த எடுப்பில், வரிசையே திரும்பிப் பார்க்கும்படி, "என்ன அண்ணாச்சி, மிச்சத்தையும் பாத்தாச்சா? இப்ப நான் வாயத் திறக்கலாமா?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் பேசியது அவர் மனைவி, மதினி. "அண்ணன் காலைல போயிட்டாங்க தம்பி" என்றார். என் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றிருக்க வேண்டும். பின்னால் நின்ற அங்கிள் ஒருவர், "குட் நியூஸா?" என்று கேட்டார்.

ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அண்ணாச்சியைத் தெரியாதவர்கள் குறைவு. பொங்கல் விழாவில் மைக் மக்கர் பண்ணினால் முதலில் மேடையேறுகிறவர் அவர்தான். தூத்துக்குடிக்காரர், கப்பல் இன்ஜினியர், பிற்பாடு கரையில் ஆபீஸ் வேலை. அவருடைய ஐரோப்பிய விவகாரம் மட்டும் இதைப் படிக்கிற உங்களில் பலருக்குத் தெரியாது. இளவயதில் அவர் வேலை பார்த்த கப்பல் ரிப்பேராகி, லாட்வியாவின் ரீகா துறைமுகத்தில் ஒரு கோடை முழுக்க நின்றுவிட்டது. அங்கே பட்டறை வெல்டர் ஒருவர் அவரை ஃபுட்பால் பார்க்கக் கூட்டிப்போயிருக்கிறார். அன்று பிடித்த கிறுக்கு. அந்த ஊர் கிளப்தான் கடைசிவரை அவருடைய கிளப்.

"உலகத்துல வேற டீமே இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறேன்.

"பெரிய டீமுக்கு நான் எதுக்குலே? அதுக்குத்தான் ஊர்ப்பட்ட ஆள் கிடக்கே. இங்க நான் கத்துனா ஒரு குரல் கூடும்லா?"

அந்த கிளப்பின் ஐரோப்பிய வரலாற்றை என்னைப் போன்ற டிப்ளமோக்காரனும் மனப்பாடம் செய்துவிடலாம். லாட்வியாவில் ஜெயிப்பார்கள். ஜூலையில் ஐரோப்பியப் போட்டியின் தகுதிச் சுற்றுக்குப் போவார்கள். எதிராளி ஊரில் ஓர் ஆட்டம், நம் ஊரில் ஓர் ஆட்டம். இரண்டு ஆட்டத்துக் கோல்களையும் கூட்டிப் பார்த்தால் நம்மாட்கள் வெளியே. ஒரு வருஷம் ஐஸ்லாந்துக்காரர்களைத் தாண்டினார்கள். அடுத்த சுற்றிலேயே பெயர் வாயில் நுழையாத மலையூர் ஒன்றில் கடைசி நொடியில் கோல் வாங்கினார்கள். "நம்ம பிள்ளைங்களுக்கு ஸ்கூல் தொறக்கதுக்குள்ள எனக்கு ஐரோப்பா முடிஞ்சிருது" என்பார் அண்ணாச்சி. மெயின் சுற்று அட்டவணையில் ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

நான் இதில் மாட்டிக்கொண்டது என் ஷிஃப்டினால். மனைவியின் நர்ஸ் வேலைக்குப் பின்னால் வால்போல அமெரிக்கா வந்தவன் நான். வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அதிகாலை ஷிஃப்ட். ரீகாவில் மாலை ஆட்டம் தொடங்கும்போது இங்கே காலை முடிந்திருக்காது, நான் வேலை முடித்து காரில் உட்கார்ந்திருப்பேன். அவர் ஆபீஸில் இருப்பார். ஆகவே நான் நேரலையில் பார்க்க வேண்டும். மாலையில் அவர் வீட்டுக்குப் போய், ரெக்கார்டிங்கை அவரோடு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். முடிவை மூச்சுவிடக் கூடாது. இது அவர் போட்ட சட்டம்.

"முடிஞ்சுபோன ஆட்டத்துக்கு இவ்வளவு பதற்றம் எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க முடிஞ்சிருக்கும். நான் பாக்கலைல்லா? நான் பாக்காத வரைக்கும் அது முடியலலே. ஆனா தெரிஞ்சவன் ஒருத்தன் பக்கத்துல இருந்தா ஒரு தைரியம்."

எனக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது. "அப்பா, யு ஹேவ் ஸீரோ போக்கர் ஃபேஸ்" என்று என் மகளே சொல்வாள். ஐஸ்லாந்துக்காரர்களை ஜெயித்த அன்று, சந்தோஷம் தாங்காமல் மைசூர்பாகு டப்பாவோடு போய்விட்டேன். கதவைத் திறந்தவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாவி, கெடுத்துட்டியேலே!" என்று கதவைச் சாத்திவிட்டார். மதினிதான் பின்பக்கமாக வந்து டப்பாவை வாங்கிக்கொண்டார். அதிலிருந்து வெற்றியோ தோல்வியோ, மிக்சர்தான் கொண்டுபோவேன். மிக்சரிலிருந்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் கோடையில், இனி வைத்தியமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்தபின், அவர் வீட்டு ஹாலில் ஹாஸ்பிஸ் கட்டில் போட்டார்கள். காலையெல்லாம் மருந்து மயக்கம், மாலையில் கொஞ்சம் தெளிவு. அதனால் பழைய ஏற்பாடே தொடர்ந்தது. யாருமே எதிர்பார்க்காதபடி அவருடைய கிளப் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி, கடைசித் தகுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. வெளியூரில் நடந்த முதல் ஆட்டத்தில் ஒரு கோலில் தோல்வி. இரண்டாவது ஆட்டம் ரீகாவில்.

அன்று நேரலை பார்த்து முடித்தபின், வேர்ஹவுஸ் பார்க்கிங்கிலேயே கார் கண்ணாடியைப் பார்த்து முகத்தைச் சும்மா வைத்துக்கொள்ளப் பழகினேன். மாலையில் மிக்சரோடு போனேன். முதல் பாதியில் நம்மாட்கள் ஒரு கோல் போட்டார்கள், கூட்டினால் சமம். அண்ணாச்சியின் கை போர்வைக்குமேல் லேசாக எழுந்து விழுந்தது. எழுபத்தோராவது நிமிடத்தில், "நிறுத்தும்மா. மூச்சு வாங்குது. மிச்சம் நாளைக்கு" என்றார்.

அவருடைய மகள் கயல் ரிமோட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "அங்கிள், ப்ளீஸ். ஜஸ்ட் டெல் ஹிம்."

அண்ணாச்சி ஒரு விரலை உயர்த்தினார். "அவன் வாயத் தொறந்தான்னா, நாளையிலருந்து வீட்டுக்குள்ள விடாத."

சொல்லிவிட்டு என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். நான் எதிர்ச் சுவரிலிருந்த மளிகைக்கடைக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன கண்டாரோ தெரியாது. "நல்லாப் பழகிட்டலே" என்றார். மறுநாள் வேலை முடிந்து கோயிலுக்குப் போயிருந்தபோதுதான் அந்த அழைப்பு.

காரியம் முடிந்த அன்று கட்டில் போய்விட்டிருந்தது. கம்பளத்தில் அதன் கால்கள் அழுந்திய குழிகள் மட்டும் கிடந்தன. அவருடைய படங்களைக் காட்டலாம் என்று கயல் டிவியைப் போட்டாள். படங்கள் வரவில்லை. நிறுத்திய இடத்திலேயே அந்த ஆட்டம் வந்து நின்றது. கோட்டோரத்தில் ஒருவன் பந்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான். எறியவில்லை. கயல் ஓட்டவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

"அந்த ஆட்டம் என்னாச்சு தம்பி?" என்று மதினி கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே கையமர்த்தினார். "வேண்டாம், இங்க வச்சுச் சொல்லாதீங்க. அவங்க இன்னும் பாக்கல."

அந்தக் குழிகளிருந்த இடத்தை யாரும் மிதிக்காமல் சுற்றிச் சுற்றிப் போனதை அப்போதுதான் கவனித்தேன்.

திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து என் மகள் கேட்டாள், "அப்பா, டிட் தே வின்? இட்ஸ் ஜஸ்ட் அஸ்." முன்சீட் காலியாக இருந்தது. ஃப்ரீவே முழுக்க நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "ஐ கேன் கூகிள் இட், யு நோ" என்றாள். "பாத்துக்கம்மா. சத்தமா மட்டும் படிச்சுராத" என்றேன். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த முகம்தான், எதையும் காட்டிக்கொடுக்காத முகம். மதினியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அதை மாட்டிக்கொண்டு, மிக்சரோடு அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். பத்திரிகையில் எழுதினால் சத்தம் வராது என்பதால் எழுதுகிறேன். இதுவரை நான் வாய்விட்டுச் சொல்லாதது இவ்வளவுதான்: இன்னும் ரெண்டு கோல் இருக்கு, அண்ணாச்சி. மெயின் சுற்றுல நம்ம பேரு வந்துட்டு.