பின்பாதி மட்டும் தெரிந்தவன்

எங்கள் வீட்டில் செபமாலையில் வருகிற ஒவ்வொரு செபத்துக்கும் முன்பாதி என் மனைவியுடையது, பின்பாதி என்னுடையது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று அவள் தொடங்குவாள். அவள் நிறுத்துகிற இடத்தில், "தூய மரியே, இறைவனின் தாயே" என்று நான் பிடித்துக்கொண்டு முடிக்க வேண்டும். ஐம்பத்து மூன்று தடவை. மணியை உருட்டுவது, எண்ணுவது, எந்தக் கிழமையில் இயேசுவின் வாழ்க்கையிலிருந்து எந்த மறைபொருளைத் தியானிக்க வேண்டும் என்று நினைவு வைத்திருப்பது எல்லாம் அவள் வேலை. நான் சுவரில் சாய்ந்துகொண்டு பதில் சொல்கிற ஆள்.

அந்தப் பதிலையாவது ஒழுங்காகச் சொன்னேனா என்றால் இல்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு டூவீலர் மெக்கானிக் கடை. பகல் முழுக்கக் குனிந்து கிடந்தவனுக்கு ஏழு மணிக்கு இடுப்பு விட்டுப்போயிருக்கும். அவளோ ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். அவள் முடிப்பதற்குள் நான் பாய்ந்து, "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்" என்பதை ஒரே மூச்சில் விழுங்கி ஆமென் போட்டுவிடுவேன். ஒரு முறை முறைப்பாள், அவ்வளவுதான். குரல் என்றால் அப்படி ஒரு குரல் அவளுக்கு. அக்டோபரில் மாதா சுரூபத்தை வீடு வீடாக எடுத்துப்போய்ச் செபமாலை சொல்லும்போது, இவள் வந்தால் மைக் செட் வேண்டாம் என்பார்கள்.

போன தவக்காலத்தில் ஒரு நாள். செபமாலை முடிந்தது, மன்றாட்டு மாலையும் முடிந்தது. அதற்கு மேலும் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை கிடைக்கவில்லை என்று ஆளுக்கொரு செபமாகச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு அகோரப் பசி. சுள்ளென்று வந்துவிட்டது.

"ஒரு நாளாவது உன் வாய் மூடிக்கினு இருக்காதா?" என்று கத்திவிட்டேன்.

அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சோறு போட எழுந்து போனாள். நானும் தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது, அவள் கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. மகளைக் கட்டிக்கொடுத்தது விழுப்புரத்தில். அவள்தான் அங்கே ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். தைராய்டு கட்டி, எடுத்துவிட வேண்டும் என்றார் அந்த அம்மா. ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உயிருக்குப் பயமில்லை. ஆனா கட்டி, குரலுக்குப் போற நரம்பை ஒட்டியே இருக்கு. பாத்துதான் எடுப்போம். குரல் போயிட்டாலும் போகலாம், அதையும் உங்ககிட்ட சொல்லிடணும்ல" என்றார்.

தவக்காலத்தில் நான் கத்தியது அப்படியே காதில் கேட்டது. மாதாவிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன், கடைக்கு நல்ல இடம் கேட்டிருக்கிறேன், மகளுக்கு வரன் கேட்டிருக்கிறேன். எல்லாம் தவணை தவணையாகத்தான் வந்தது. இதை மட்டும் உடனே கேட்டுக்கொண்டார்களா? பாவி, உன் நாக்கில் கொள்ளி வைக்க என்று என்னையே திட்டிக்கொண்டேன். திண்டிவனம் திரும்புகிற பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் அந்த நாள் நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அன்று சாயங்காலம் அதே குரலில் செபமாலை சொன்னாள். இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் குரல் என்று நினைத்தபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். இருமல் என்றேன்.

ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்ல, தாலியைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள். செபமாலையை என் கையில் வைத்து மூடினாள்.

"சும்மா குந்திக்கினு இருக்காதீங்க. சொல்லிக்கினு இருங்க" என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. மகள் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள். வராந்தா பெஞ்சில் நான் மட்டும். மாலையை எடுத்தேன். செவ்வாய் என்றால் துயர மறைபொருள், அது தெரியும். முதலாவது, இயேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்தது. இத்தனை வருஷம் அதைக் காதில் வாங்கியிருக்கிறேனே தவிர, அவர் ஏன் வேர்த்தார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மறுநாள் சிலுவையில் சாகப்போகிற பயம்தான், வேறென்ன. கூட வந்த சீடர்கள் தூங்கிவிட்டார்கள், அவர் தனியாக உட்கார்ந்து பயந்திருக்கிறார். அவருக்கே அந்தக் கதி என்றால் நான் எந்த மூலைக்கு?

சரி, சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் முன்பாதி வரவில்லை. சிரிக்காதீர்கள். ஞானஸ்நானம் வாங்கியவன், வாரம் தவறாமல் பூசைக்குப் போகிறவன். ஆனால் சின்ன வயதில் அம்மா தொடங்குவாள், பிறகு இவள் தொடங்கினாள், நான் தொடங்கியதே இல்லை. "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தால் நடுவில் "ஆண்டவர் உம்முடனே" வர வேண்டிய இடத்தில் அம்மா சொல்லும் பழைய செபம், "கர்த்தர் உம்முடனே" என்று வந்து குறுக்கே விழுகிறது. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி தடுக்கியது. அந்தத் தடுமாற்றத்தில் எந்த மணியில் இருக்கிறேன் என்பதும் போய்விட்டது. தானாக வாயில் வந்தது பின்பாதி மட்டும்தான். அதையே சொன்னேன், திரும்பத் திரும்ப. இறப்பின் வேளையிலும், இறப்பின் வேளையிலும். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே சாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. நிறுத்தவும் பயம். அவள் சொல்லிக்கினு இருக்கச் சொல்லியிருக்கிறாள், நிறுத்தினால் உள்ளே ஏதாவது ஆகிவிட்டால்?

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அப்பா, பாதிதான் சொல்லிக்கினு இருக்கீங்க" என்றாள்.

தெரியும் என்றேன். அவள் முன்பாதியைச் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது மணியிலேயே அழுகை வந்து நின்றுவிட்டது. பிறகு நான் பின்பாதியையே சொன்னேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. முன்பாதியில் வானதூதர் வந்து வாழ்க என்கிறார், மாதாவின் உறவுக்காரி எலிசபெத் வாழ்த்துகிறாள். அதில் யாரும் எதையும் கேட்பதில்லை. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்கிறதெல்லாம் பின்பாதியில்தான். பயந்துபோன மனுஷன் சேர்த்துக்கொண்ட பாதி அது. முப்பது வருஷமாக அவள் வாழ்த்திக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அதுவும் அவசர அவசரமாக.

மதியம் அவளை வெளியே கொண்டுவந்தார்கள். கட்டி நல்லபடியாக வந்துவிட்டது, கெட்ட கட்டி இல்லை என்று பின்னால் ரிப்போர்ட்டும் வந்தது. குரல்தான் வரவில்லை. பேச வாய் திறந்தால் வெறும் காற்று. வரலாம், ஆறு மாதம்கூட ஆகலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. வீட்டில் என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரில் கரண்டியால் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப்போடும். பக்கத்து வீட்டு அம்மா, மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தவர், ஏழு மணிச் சத்தத்தைக் காணோமே என்று கேட்டார். உள்ளே போய் அழுதேன்.

செபப் புத்தகத்தை வாங்கிவந்து முன்பாதியை நான் படித்தேன். இப்போது மணி என் கையில். படித்து முடித்ததும் அமைதி. பின்பாதியை அவள் உதட்டால் மட்டும் சொல்வாள், நான் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "இறப்பின் வேளையிலும்" என்று அந்த உதடு அசையும்போது சத்தமில்லாமல் அது இன்னும் பெரிதாகக் கேட்கும். அவளிடம் மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு நாளும் நினைப்பேன். கேட்டால் அவளுக்கு நினைவு வந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிடுவேன்.

இப்படியே ஏழெட்டு வாரம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, அவள் உதட்டைப் பார்க்கிற கவனத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. பத்தாவது மணி முடிந்து திரித்துவப் புகழ் சொல்ல வேண்டிய இடத்தில் மறுபடி அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்துவிட்டேன்.

"பதினொண்ணு ஆயிப்போச்சி. எண்ணிக்கினு சொல்லத் தெரியாதா?"

அவள் குரல் இல்லை அது. தகரத்தை இழுத்த மாதிரி கரகரப்பாக, பாதி காற்றோடு வந்தது. ஆனால் திட்டு அவளுடையதுதான். மாலையை மடியில் வைத்தேன். அன்னிக்கு நான் சொன்னது, வாயை மூடிக்கினு இருன்னு சொன்னது என்று என்னமோ உளறினேன்.

"தெரியும். நீங்க சொன்னதுக்கெல்லாம் மாதா காது குடுத்தா ஆவுமா? சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அவள் பின்பாதியைச் சொன்னாள், மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்தி. பழைய குரல் இன்னும் முழுசாக வரவில்லை, வருமா என்றும் தெரியவில்லை. இறப்பின் வேளை என்று வருகிற இடத்தில் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். ஆனால் அவள் ஆமென் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் அடுத்த மணியைத் தொடுவதில்லை.